எட்டாவது போல்ட்

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் சக்கரப் பிரிவில் ஃபிட்டர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு பஸ் உள்ளே வந்து நின்றால், முதலில் இரும்புக் கம்பியால் ஆறு டயரையும் ஒரு சுற்றுத் தட்டிவிட்டுத்தான் குனிவார். எதில் காற்று குறைவு என்று அப்போதே சொல்லிவிடுவார். காதால் இல்லை. கம்பி எப்படித் துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்து, கையால். காது அவருக்குச் சுத்தமாகப் போதாது. யார் பாடினாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு உயிர் டிரம்ஸ்.

அக்கா வேலை பார்த்தது செராமிக் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். சூளையிலிருந்து வரும் வாஷ்பேசின்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டுவாள். மணி மாதிரிக் கேட்டால் இந்தப் பக்கம், 'டொக்'கென்றால் அந்தப் பக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறல் அவள் காதுக்குத் தெரியும். கல்யாணம் பேசியபோது எங்கள் அப்பா, "தட்டறவளுக்குத் தட்டறவன். இதுல நான் குறை சொல்ல என்ன இருக்கு?" என்றார். அப்பா பேசியதில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

அத்தானின் டிரம் செட் யாரோ பயன்படுத்திக் கழித்தது. பின்னறையில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை டிப்போ ஆண்டுவிழாவில் இரண்டு டிரைவர்கள், ஒரு கண்டக்டரோடு சேர்ந்து வாசிப்பார். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்து கை கழுவியதும் கால்மணி நேரம். கணக்கு டீச்சரான எனக்கே பொறாமையாக இருக்கும், அப்படி ஒரு தாளக் கட்டுப்பாடு. ஆனால் டிரம்மைச் சுருதி சேர்க்க அவருக்கு வராது.

சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது மாதிரி, ஒரே அளவு முறுக்க வேண்டும். டிரம்மின் போல்ட்டுகளையும் அப்படித்தான் முறுக்க வேண்டும். அதனால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்தார். ஸ்நேர் என்று சொல்கிற நடு டிரம்மில் மேலே எட்டு போல்ட். எட்டையும் டயர் கணக்கில் முறுக்கிவிட்டு அடித்தால் அது ஊரைக் கூட்டும். கல்யாணமான மூன்றாவது மாதம் அக்கா பொறுக்க முடியாமல் வந்து, போல்ட் திருகும் டிரம் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கினாளாம். ஒவ்வொரு போல்ட்டின் அருகிலும் விரலால் தட்டி, தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் வரும்வரை திருகினாள். ஏழு போல்ட் அப்படி. எட்டாவதை, அவர் உட்கார்ந்தால் வயிற்றுக்கு நேராக வருவதை, வேண்டுமென்றே தளர்த்திவிட்டாள்.

அவருக்குப் பதறிவிட்டது. லூசா இருக்கே என்றாராம்.

"எட்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா யாருக்குக் கேக்கும்? ஒருத்தன் வாய மூடிட்டு இருக்கட்டும்."

அன்றிலிருந்து அந்த டிரம் கத்தவில்லை. அதன் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கனமான புத்தகத்தைப் பட்டென்று மூடுவது மாதிரி, கடைசியில் ஒரு சின்னப் பெருமூச்சு இருக்கும். டிரம் வாசிப்பவர் அவர். வாசிக்கத் தகுந்ததாக அதை வைத்திருந்தவள் அவள். இருபத்தோரு வருடம் சாவி அவளிடம்தான் இருந்தது. வீட்டுச் சாவிக்கொத்திலேயே கோத்து வைத்திருந்தாள்.

அக்கா போன வருடம் இறந்துபோனாள். எட்டு மாதம் படுக்கை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு மதியம் ஸ்நேரைக் கொண்டுவரச் சொன்னாள். முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு எட்டு போல்ட்டையும் சரிபார்த்தாள். கையில் தெம்பில்லை. அவள் 'ம்ம்ம்' என்று பிடித்துக்கொள்ள, அவள் சொன்ன அளவுக்கு அத்தான் திருகினார். எட்டாவதை மட்டும் அவளே தொட்டாள். நான் ஜன்னலோரம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு அத்தான் தினமும் வாசிப்பதை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் மட்டும் வாசித்தார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அடிக்க அடிக்க போல்ட் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். ஒவ்வொரு அடியிலும் அவள் வைத்தது கொஞ்சம் குறைகிறது. ஒரு ஞாயிறு அதையும் நிறுத்தினார். டிரம்மைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி அலமாரியில் அவள் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வாசித்தால் அது போய்விடும். வாசிக்காவிட்டால் அது இருந்தும் இல்லை. மெலிந்துபோனார். டிப்போவில் ஒருநாள் ஒரு பஸ்ஸின் இடது பின்சக்கரத்தை முறுக்காமலே அனுப்பப் பார்த்தார் என்றும், சூப்பர்வைசர் பார்த்துவிட்டதால் தப்பித்தது என்றும் கேள்விப்பட்டேன். நட்டு விஷயத்தில் தவறாத மனிதர்.

அப்போதுதான் இசைக்கருவி வர்த்தகக் கண்காட்சி பற்றிய நோட்டீஸோடு என் வீட்டுக்கு வந்தார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கணக்கு' என்பார். நோட்டீஸில் ஒரு மூலையைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். டிரம்மின் தோல் ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளந்து சொல்லும் கருவி. உங்கள் டிரம்மைக் கொண்டுவந்தால் எங்கள் கடையில் இலவசமாக அளந்து தருகிறோம்.

"நம்பர் கிடைச்சா போதும் கணக்கு. எட்டு நம்பர். டிப்போல ஒவ்வொரு வண்டிக்கும் சுவத்துல எழுதி வச்சிருக்கோம்ல, அது மாதிரி எழுதி வச்சுட்டேன்னா அப்புறம் எத்தனை தடவை கழண்டாலும் திரும்ப வச்சுக்கலாம். நான் வாசிக்கலாம்."

கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது குரல் கீழே போய்விட்டது. நானும் வருகிறேன் என்றேன்.

கண்காட்சி மண்டபம் விமானம் நிறுத்துகிற கொட்டகை மாதிரி இருந்தது. நூற்றுக்கணக்கான கடைகள், கழுத்தில் அட்டை மாட்டிய மனிதர்கள், தரையெல்லாம் ஒட்டிய வயர்கள். டிரம் பகுதிக்கு மட்டும் ஒரு விதி. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம்தான் குச்சியால் அடிக்கலாம். மேலே தொங்கும் விளக்கு பச்சையானால் அடிக்கலாம், சிவப்பானால் விரலால் தட்டிப் பார்ப்பதோடு சரி. சத்தம் அளக்கும் மீட்டரும் மஞ்சள் அட்டையுமாக ஒருவர் சுற்றிக்கொண்டே இருந்தார். மூன்று அட்டை வாங்கிய கடையை மூடிவிடுவார்களாம்.

முதல் அரைமணி நேரம் அத்தான் பழைய அத்தானாக இருந்தார். ஸ்நேர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கடை கடையாக நின்றார். பித்தளை உடம்பு டிரம், மேப்பிள் மர டிரம், உள்ளே ஒளி தெரிகிற கண்ணாடி மாதிரி டிரம். எதையும் அடித்துப் பார்க்கவில்லை. குனிந்து போல்ட்டைத்தான் பார்த்தார். மரை எத்தனை பல், வாஷர் இரும்பா நைலானா என்று விற்பனையாளர்களைக் கேட்டுப் படுத்தினார். ஒரு கடையில் எட்டு வயதுக் குழந்தை உட்காரும் அளவுக்கு ஒரு பேஸ் டிரம் இருந்தது. அதைப் பார்த்து, "நம்ம பஸ் சக்கரத்தைவிடப் பெருசு, இதுக்கு ஸ்டெப்னி உண்டான்னு கேளு" என்றார். விளக்கு பச்சையானதும் நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அடித்தார்கள். நெஞ்செலும்பு அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அங்கேதான் பார்த்தேன்.

அளக்கும் கருவிக் கடை கடைசி வரிசையில் இருந்தது. அங்கிருந்த பெண், சாப்பிடப் போகிற நேரம், இன்னும் இருபது நிமிடத்தில் வந்து அளந்து தருகிறேன் என்றாள். பைக்குள் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த கருவிக்கு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டுமே, இல்லாவிட்டால் திரும்பப் போகும்போது விடமாட்டார்கள் என்றும் சொன்னாள். நாங்கள் ஒட்டவில்லை. வாசலுக்குப் போய் வாங்கி வர வேண்டும். டிரம்மோடு போனால் இன்னொரு வரிசை.

அத்தான் டிரம்மைப் பையிலிருந்து எடுத்து, கடை மேஜையில் பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் வைத்தார். பளபளவென்று இருந்தது. என் கையை எடுத்து அதன் விளிம்பில் வைத்தார். "கைய எடுக்காத கணக்கு" என்றார். சரி என்றேன்.

நான் கையை எடுக்கவே இல்லை. அதுதான் இதில் கொடுமை.

அவர் போன சில நிமிடங்களில் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சங்கிலி, அதில் டிரம் சாவி. கண்காட்சி அட்டையும் போட்டிருந்தார். சிரித்த முகம். பழைய டிரம்மா, அருமையான உடம்பு, பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். அளப்பவர்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்க என்றேன். விரலால் சுற்றிலும் தட்டினார். எட்டாவது இடத்தில் நின்றார். சின்னப் பிள்ளை மூக்கு ஒழுகுவதைப் பார்த்தவர் முகம் மாதிரி ஆனது. பேச்சை நிறுத்தாமலே கழுத்துச் சாவியை எடுத்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டுக்கொண்டே அந்த போல்ட்டை முறுக்கினார். பிறகு எதிர்ப்பக்கம், பிறகு பக்கத்தில், குனிந்து காதை வைத்து, தட்டி, கால் திருகு, அரைத் திருகு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் ஒரு கை முழுநேரமும் டிரம்மின் விளிம்பில் இருந்தது. போல்ட் திரும்புகிற அதிர்வு விரலில் தெரிந்தது. அளப்பது என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

"இப்ப பாருங்க, மணி மாதிரி இருக்கு" என்றார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

அத்தான் ஸ்டிக்கரோடு வருவதைத் தூரத்திலேயே பார்த்தேன். உங்கள் டிரம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எட்டாவது போல்ட்டைப் பார்த்தார். அதன் தலை மற்றவற்றின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. விரலால் ஒருமுறை தட்டினார். அந்த நேரத்தில் விளக்கு பச்சையானது.

மண்டபம் முழுவதும் இடி விழுந்தது மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அத்தான் கழுத்துச் சாவிக்காரரின் இரண்டு தோளையும் பிடித்து அவர் காதருகே ஏதோ கேட்டார். அவர் புரியாமல் சிரித்தார். அத்தான் மறுபடி கேட்டார். நானும் நெருங்கிப் போனதால் கேட்டது.

"எத்தனை சுத்து தம்பி? ஒவ்வொண்ணும் எத்தனை சுத்து திருப்பினீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அவருக்கு நினைவில்லை. எப்படி இருக்கும்? நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைத்தோம் என்று யார் எண்ணுகிறார்கள்? நான் அவர் காதில் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன், என் அக்கா, படுக்கை, கடைசித் தடவை என்று. அந்த இரைச்சலில் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். புதுத் தோல் தருகிறேன், வேறு டிரம்மே தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னார். அத்தான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. லூசா ஒரு நட்டப் பாத்தா நானும் சும்மா போகமாட்டேன்."

விளக்கு சிவப்பானது. திடீரென்று வந்த அமைதியில் அத்தானுக்கு ஏதோ தோன்றியது. மேஜையருகே மண்டியிட்டு செல்போன் டார்ச்சைப் போட்டு எட்டாவது போல்ட்டைச் சுற்றை எண்ணிக்கொண்டே மெதுவாகக் கழற்ற ஆரம்பித்தார். ஒரே நிலையில் ரொம்ப நாள் இருந்த போல்ட்டில், வெளியே தெரிகிற பாகத்தில் தூசியும் துருவும் படிந்து, உள்ளே இருந்த பாகம் சுத்தமாக இருக்கும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டை வைத்து, போல்ட் எதுவரை இறங்கியிருந்தது என்று எந்த ஃபிட்டரும் சொல்லிவிடுவான். எட்டிலும் கோடு இருந்தால் எட்டையும் திரும்ப வைத்துவிடலாம்.

கோடு இல்லை. மற்ற ஏழிலும் இருக்காது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் சொன்னாரா தன்னிடமா தெரியவில்லை.

"நேத்து தொடச்சேன். மண்ணெண்ணெய் போட்டு பிரஷ் வச்சு. ஒரு முடி அளவுகூட திரும்பாம பாத்துப் பாத்துத் தொடச்சேன். செக்கிங்குக்குப் போற சக்கரத்த அழுக்கோட அனுப்புவமா?"

அவள் கையின் அடையாளம் எட்டு இடத்தில் இருந்திருக்கிறது. பதினாலு மாதத் தூசி அதை ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறது. அதை அவரே துடைத்திருக்கிறார், நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்று.

அளக்கும் பெண் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. அத்தான் எட்டாவதை அதற்குள் பழையபடி, கழுத்துச் சாவிக்காரர் விட்ட இடத்திலேயே இறுக்கி வைத்திருந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டதில்லை. கழன்ற போல்ட்டைக் கழன்றபடி விட்டு எழுந்திருக்க அந்தக் கைக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அந்தப் பெண் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைத் தோலின் மேல் வைத்து எட்டு இடத்தில் அளந்தாள். எட்டிலும் எழுபத்தொன்பது. இவ்வளவு துல்லியமாக யார் சுருதி சேர்த்தது என்று ஆச்சரியப்பட்டு, ஒரு அட்டையில் எட்டு முறை எழுபத்தொன்பது என்று எழுதிக் கொடுத்தாள். அத்தான் அதை வாங்கி, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நன்றிம்மா என்றார்.

வெளியே பின்படிக்கட்டில் யாரும் இல்லை. டிரம்மை மடியில் வைத்து உட்கார்ந்தார். அக்கா வைத்திருந்த மாதிரியே. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ கேட்டிருக்கேல்ல? சின்ன வயசுலேருந்து அவகூடவே இருந்தவ. அவ 'ம்ம்'னு பிடிப்பாளே, அதப் பிடி. நான் அதுக்குத் திருகறேன்."

"எனக்குப் பாட வராது அத்தான்."

"பாட வேண்டாம்மா. அவள மாதிரி ம்ம்னு சொல்லு."

சொன்னேன். தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. அவர் திருகினார், தட்டினார், என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், இல்லை என்று. மறுபடி. மறுபடி. மண்டபத்துக்குள் இரண்டு முறை பச்சை விளக்கு வந்து போனது. கடைசியில் காவலாளி வந்து கதவை மூடப்போவதாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது டிரம்மை மடியிலேயே வைத்திருந்தார். என் மேல் கோபமா என்று கேட்டேன். "நீ கைய எடுக்கலையே" என்றார். அது பழியா ஆறுதலா என்று என்னால் இன்றுவரை எந்தப் பக்கமும் வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பத்து மணிக்கு டிரம்மோடு என் வீட்டுக்கு வருகிறார். நான் 'ம்ம்' என்கிறேன், அவர் திருகுகிறார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இருபது நிலைதான் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு போல்ட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது கோடி விதம் வருகிறது. ஒரு மதியம் விடைத்தாள் திருத்தும்போது ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சத்தம் மறந்துவிட்டது. எப்போது என்று தெரியாது. ஒருவேளை அந்தப் படிக்கட்டிலேயே, மாற்றி மாற்றி முனகியதில் அழிந்திருக்கலாம். இப்போது நான் பிடிப்பது என் தொண்டையில் வருகிற ஏதோ ஒன்று.

போன ஞாயிறு ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்த பிறகுதான் அடுத்த திருகு. அன்று எட்டாவதைத் தளர்த்திவிட்டு விரலால் தட்டினார். நல்ல சத்தம், மூடிய புத்தகம் மாதிரி. சரி என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல" என்றார்.

யார் பாடினாலும் ஒன்றுதான் என்று சொன்ன மனிதர். இதைச் சொல்ல அக்கா இல்லை. அவர் போல்ட்டின் தலையைச் சட்டை நுனியால் துடைக்கப் போனார். பாதியில் கையை நிறுத்திக்கொண்டார். துடைக்காமலே டிரம்மைப் பெட்ஷீட்டில் சுற்றினார்.

"அடுத்த வாரம் பாப்போம் கணக்கு."

பாப்போம் அத்தான் என்றேன்.